பதினொரு மணி நிழல்

ஏணியை உடைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்பு எரியாத ஒரு கூடத்தில் எலெக்ட்ரீஷியன் கண்ணெதிரே ஒரு மர ஏணியைச் சாய்த்துவைத்தால் அவன் என்ன செய்வான், கும்பிடுவானா? ஏறினேன். மூன்றாவது படி முறிந்து கீழே விழுந்தேன். ஓடிவந்தவர்கள் என்னை விட்டுவிட்டு ஏணியைத் தூக்கினார்கள்.

அது கலைப்படைப்பாம். ஓவியம் இத்தனை காலம் கண்ணை ஏமாற்றியது போதும், இனி நிஜப் பொருளே கலை என்று அறிவித்து, ஒரு பிரபல நவீன ஓவியர் கண்காட்சிக்கு அனுப்பிவைத்த ஏணி. திறப்பு விழாவுக்கு இரண்டே நாள். கூடத்தின் மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேறு ஏணி வாங்கி வைக்கலாமே என்றேன். "அது வேற ஏணிய்யா!" என்று எரிந்து விழுந்தார். அப்புறம்தான் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த என் மாமா அவர் கண்ணில் பட்டார்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். பெயிண்டை வைத்தே இரும்புக் கதவைத் தேக்காக்குவார், சிமெண்டுத் தூணைப் பளிங்காக்குவார். கந்தல் துணி, பழைய சீப்பு, இரண்டு தூரிகை, அவ்வளவுதான் சாமான். நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது என்பது அந்த வேலையின் தலையெழுத்து. இருபத்திரண்டு வருடமாக அக்காவுக்கு அவர் வெள்ளையடிக்கிறவர்தான். "ஒரு தடவ வந்து பாரேன்" என்று கெஞ்சுவார். "தூண்ல பாக்க என்ன இருக்கு?" என்பாள். அவள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் மனிதருக்கு ஆசை.

மேலாளர் சொன்னபடி, உடைந்த ஏணியை எதிரே வைத்துக்கொண்டு மாமா அதை அப்படியே சுவரில் வரைந்தார். மரத்தின் கணு, துருப்பிடித்த ஆணி, கீழ்ப்படியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு, ஒன்றையும் விடவில்லை. நிழலைப் போடும்போது மணி பதினொன்று. ஜன்னல் வெளிச்சத்தில் அது எப்படி விழுந்ததோ அப்படியே போட்டார். வெளியே மூச்சு விட்டால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும் என்று மேலாளர் மிரட்டினார். பத்தடி தள்ளிக் கயிறும் கட்டினார்.

கூட்டம் அலைமோதியது. "ஏமாத்து வேலையே இல்லாத ஒரு படைப்பு!" என்று ஒரு விமர்சகர் உருகினார். சிக்கல் மதியத்தில்தான். வெயில் மறுபக்கம் திரும்பியது, ஏணியின் நிழல் திரும்பவில்லை. மேலாளர் தினமும் ஒரு மணிக்கே கூடத்தைப் பூட்டினார். ஓவியரின் துணிச்சலான முடிவு என்று விமர்சகர் அதற்கும் அரைப்பக்கம் எழுதினார். அதைப் படித்த அன்று மாமா சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி நாள் அக்காவை நானே இழுத்துப் போனேன். தையல் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து அவள் வர மணி மூன்றாகிவிட்டது. மேலாளர் விமர்சகரோடு காபி குடிக்கப் போயிருந்தார். பூட்டைத் திறந்துகொண்டு மாமா மட்டும் உள்ளே காவலாளியின் நாற்காலியைத் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஏணியப் பாக்கவாடா கூட்டிட்டு வந்தே?" என்றவள் சட்டென்று நின்றாள். "நாற்காலி நிழல் இந்தப் பக்கம் விழுது. ஏணி நிழல் மட்டும் ஏன் அந்தப் பக்கம் விழுது?"

அக்கா கயிற்றைத் தாண்டிப் போய் ஏணியைப் பிடித்தாள். கைக்கு ஒன்றும் சிக்கவில்லை. உள்ளங்கையால் சுவரைத் தடவினாள்.

"ஐயோ, இது படங்க!"

அந்த நேரம் பார்த்து மேலாளரும் விமர்சகரும் உள்ளே வந்தார்கள். விமர்சகருக்கு முகம் வெளிறிவிட்டது. "வரைஞ்சதா? சீ! நிஜ ஏணின்னு நம்பி முதல் நாளு நான் அழுதேனே!"

"எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்" என்று மேலாளர் கைகழுவினார். வெள்ளைப் பெயிண்ட் டப்பாவை மாமாவிடம் திணித்தார். "இப்பவே அடிச்சு மூடு. நாளைலேர்ந்து மச்சானும் மாமனும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

மாமா ரோலரை நனைத்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அக்கா காவலாளியின் நாற்காலியை இழுத்து, ஏணிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அதக் கீழ வைங்க" என்றாள். "நான் இன்னும் பாத்து முடிக்கல."