ஆள்காட்டிக் குருவி மறித்த பொக்லைன்

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில், கன்டெய்னர் யார்டுக்காக ஒரு புல்வெளியைப் பொக்லைனால் மட்டம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் காலையிலிருந்தே கத்திக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் பாய்ந்தன. எரிச்சலில் ஹாரன் அடித்து விரட்டினேன்.

அங்கே ஆடு மேய்க்கும் பேச்சியக்கா ஓடிவந்து வண்டியை மறித்தார்.

“நிறுத்துய்யா! முட்டை கெடக்கு!”

“எங்கனக்கா? ஒண்ணையும் காணலியே!”

இறங்கிப் பார்த்தேன். மண் அள்ளும் பக்கெட்டுக்கு ஒரு முழம் முன்னால், வெறுந்தரையில், மண் நிறத்தில் நான்கு முட்டைகள். பெற்றவர்களையா இவ்வளவு நேரம் விரட்டினேன்!

சூப்பர்வைசரிடம் பயந்துகொண்டே போனில் சொன்னேன். “சரிலே, அந்த மூலைய கடைசில பாத்துக்கிடலாம்” என்றார். முட்டைகளைச் சுற்றிக் கம்பு நட்டோம்.

மூன்று வாரம் போயிருக்கும். “ஏ தம்பி, ஓடியா!” என்று அக்கா கூப்பிட்டார். அன்றுதான் முட்டையிலிருந்து வெளிவந்த நான்கு குஞ்சுகள், குச்சிக் கால்களால் தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்துச் சாலைக்கு அந்தப் பக்கம்தான் புல் மிச்சமிருந்தது; தாய் அங்கேதான் கூட்டிப்போனது. நாங்கள் இருவரும் நடுச்சாலையில் கைகளை விரித்து நின்றோம். லாரிகள் வரிசையாக நின்றன.

“என்னலே, மந்திரியா வாரார்?” என்று ஒரு டிரைவர் கத்தினார்.

“நாலு பிள்ளையோட ஒரு குடும்பம் போவுது, பொறுய்யா!” என்றார் அக்கா.

டிரைவர் எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே இன்ஜினை அணைத்தார்.

அந்த மூலையையும் பிறகு நானே மட்டம் செய்தேன். அது என் வேலை. ஆனால் இப்போதெல்லாம் எந்த நிலமானாலும் ஒரு முறை முழுக்க நடந்து பார்த்த பிறகே வண்டியில் ஏறுகிறேன்.