'இந்தாய்யா'வின் ஏற்ற இறக்கம்

கணவன் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மணமான நாள் முதல் என் மனைவிக்கு நான் 'இந்தாய்யா'தான். சோறு ஆயிற்று, பால் பொங்குகிறது, யாரோ வந்திருக்கிறார்கள், நேற்றைய கோபம் இன்னும் ஆறவில்லை: எல்லாவற்றுக்கும் அந்த ஒரு அழைப்பு. எதற்குக் கூப்பிடுகிறாள் என்பதைக் குரல் ஏறும் இடமும் இறங்கும் இடமும் சொல்லிவிடும்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளுடைய குரல்வளையை எடுத்தார்கள். அது ஒரு புதன்கிழமை. என் அன்றைய நாட்குறிப்பில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. நோய் போயிற்று, குரலும் போயிற்று. ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், தட்டச்சு செய்தால் பேசும் செயலி ஒன்றை அம்மாவின் போனில் போட்டுத் தந்தாள். தெளிவான தமிழ்தான். ஆனால் 'இந்தாய்யா' எப்போதும் ஒரே மாதிரி வந்தது. எதற்கென்று புரியாமல், இரண்டு நாள் பால் வழிந்த பிறகே எழுந்து போனேன்.

"இன்னா நைனா, பாகாலா ஸ்டேஷன்ல ரயிலு வருதுன்னு சொல்றா மாதிரி கீது" என்று மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். வந்து தோளைத் தட்டுவாள்.

சென்ற ஆடியில் செயலியின் புதிய பதிப்பு வந்தது. எழுத்துகளுக்கு மேலே இப்போது ஒரு கோடு. அதை விரலால் மேலே இழுத்தால் அந்த இடத்தில் குரல் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும்.

"இத்தினி நாளு அதுவா முடிவு பண்ணிக்கினு இருந்துச்சு. இனிமே அம்மா இஷ்டம்" என்றாள் மகள்.

நான் முந்திக்கொண்டேன். பழைய 'இந்தாய்யா'க்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக வரைந்து, சாப்பாடு, பால், விருந்தாளி, கோபம் என்று பெயரிட்டுச் சேமித்தேன். இரண்டு நாள் ஆயிற்று. மனைவி 'கோப'த்தை ஒருமுறை அழுத்திக் கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தட்டச்சு செய்தாள். போன் பேசியது: "என் கோவத்த நீ இன்னாத்துக்கு எழுதி வெக்கிற? தெனம் ஒரே கோவமா வரும்?"

"இதயும் டைரில எழுதிக்கோ நைனா" என்றாள் மகள்.

மறுநாள் காலை முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து 'இந்தாய்யா' கேட்டது. தாழ்வாகத் தொடங்கி, நடுவில் சட்டென்று ஏறி, இறங்காமல் அப்படியே நின்றது. பால்! ஓடினேன்.

அடுப்பில் ஒன்றுமே இல்லை. பற்றவைக்கவும் இல்லை. மனைவி சுவரில் சாய்ந்து, தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் மெதுவாக ஒரு கோட்டை இழுத்துவிட்டு என் பக்கம் நீட்டினாள்.

"ஓடியாரியான்னு பாத்தேன்" என்றது. கடைசியில் கொஞ்சம் உயர்ந்தது. அது அவளேதான்.