சாயம் தின்னிகள்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் இப்போது கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பூசிய பனியன் வந்திருக்கிறது. கிருமி அண்டாது, வியர்வை நாறாது என்று கூவிக் கூவி விற்கிறார்கள். ஊரே இப்படிக் கிருமியை விரட்டிக்கொண்டிருக்க, மண்ணரையில் ஒரு சாயப்பட்டறையின் பின்புறம் நாகஜோதி சம்பளம் வாங்கிக்கொண்டு கிருமி வளர்த்தாள்.

விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு திருப்பூர் வந்தவள். அர்த்தநாரியின் பட்டறையில் பல வருஷமாக அவளுக்குச் சாயக்கழிவுத் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கும் வேலை. கையுறை கொடுத்தார்கள்தான், அந்த வெக்கையில் அதை யார் மாட்டிக்கொண்டு நிற்பது? உள்ளங்கை வெடித்துப்போய், வீட்டில் கரண்டியால் சாப்பிட்டாள். "துரைசானி சாப்பிடுறாக, பாருங்க" என்று புருஷன் தவசி கேலி பேசுவான். அவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

பிறகு ஜெயபாரதி வந்தாள். கோயம்புத்தூரில் பயோடெக்னாலஜி படித்த பெண், அர்த்தநாரிக்கு அண்ணன் மகள். சாயத்தைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்களைக் கேனில் கொண்டுவந்து கழிவுத் தொட்டியில் விட்டாள். சரிப்பட்டு வந்தால் சுண்ணாம்பையே நிறுத்திவிடலாம் என்றார் அர்த்தநாரி. தொட்டியைப் பார்த்துக்கொள்வது நாகஜோதியின் பொறுப்பு. காற்று ஊதும் மோட்டார் ஓடுகிறதா, சூடு ஏறிவிட்டதா என்று கவனித்து, வெல்லக் கரைசல் ஊற்ற வேண்டும். "தின்னுட்டீகளா, கழுதைகளா?" என்று தினமும் தொட்டியை விசாரிப்பாள். சிவப்பாக உள்ளே போன தண்ணீர் வெளுத்து வெளியே வந்தது. அவள் கையும் மெல்ல ஆறியது.

இந்த நேரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் அன்றைக்குக் கழுவாத மெஷின் உண்டா? தையல் மெஷின் முதல் டெம்போ வரை துடைத்துப் பொட்டு வைத்தாகிவிடும். தன் தொட்டி மட்டும் பாசி பிடித்து நிற்பது நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டு, விளிம்பையும் சுவரையும் தேய்தேய் என்று தேய்த்து, ஹோஸ் பிடித்துக் கழுவினாள். அத்தனையும் தொட்டிக்குள்ளேயே வழிந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மனசாரக் கும்பிட்டாள்.

விடுமுறை முடிந்து வந்தால் தொட்டி நாறியது. தண்ணீர் சிவப்பாகவே வெளியே வந்தது. ஜெயபாரதி மோட்டாரைப் பார்த்தாள், சாயத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அர்த்தநாரி பொறுமை இழந்தார்.

"கண்ணு, உன்ற படிப்பெல்லாம் சரிதான். பட்டறைக்கு ஒத்துவராது போல. திங்கக்கெழம சுண்ணாம்பு லோடு வரச் சொல்லீட்டேன்."

ஜெயபாரதியின் முகம் செத்துப்போனது. தொட்டிச் சுவரில் வழிந்து காய்ந்திருந்த வெள்ளைக் கோடுகள் அப்போதுதான் நாகஜோதியின் கண்ணில் பட்டன. கிருமியைக் கொல்கிற பவுடர் அல்லவா அது? வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பழி அந்தப் பெண் தலையில் விழும், சுண்ணாம்பு மறுபடி தன் கைக்கு வரும்.

"யாத்தி, நாந்தேன் கொன்னுட்டேன் மேடம்" என்றாள். "பூசைக்குச் சுத்தமா இருக்கட்டும்னு பிளீச்சிங் போட்டுக் கழுவிட்டேன்."

அர்த்தநாரி வாய்க்கு வந்தபடி திட்டினார். அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள், கண் கலங்கவில்லை. ஜெயபாரதிக்கோ கோபத்துக்குப் பதில் தெம்பு வந்துவிட்டது.

"காரணம் தெரிஞ்சுபோச்சில்லீங்க, சித்தப்பா! தொட்டியில இருந்து வழிஞ்சு பக்கத்துக் குழியில படிஞ்ச சேத்துல மிச்சம் உசுரோட இருக்குமுங்க. அக்கா, வாங்க."

இருவரும் தொட்டித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டார்கள். குழிச் சேற்றை வாளி வாளியாக அள்ளி ஊற்றினார்கள். நாகஜோதி டீ குடிக்கக்கூடப் போகாமல் தொட்டியே கதி என்று கிடந்தாள். "சாமிகளா, கொஞ்சம் தின்னுங்களேன்" என்று கெஞ்சினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு சற்றே மங்கி ரோஸ் ஆனது. அடுத்த நாள் இன்னும் வெளுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அர்த்தநாரி வந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அதன் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது. போனை எடுத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு அந்தச் சுண்ணாம்பு லோடு வேண்டாமுங்க. இல்லீங்க, அடுத்த வாரமும் வேண்டாம். இனிமேலே வேண்டாமுங்க."

அத்தனை திட்டுக்கும் அழாத நாகஜோதி, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.