அக்காவுக்காக நான் போடாத கையெழுத்து

உற்றார் உறவினருக்கும், அக்காவிடம் அரிச்சுவடி படித்தவர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. படித்தவர் யாரையாவது எழுதச் சொல்லலாம் என்றார்கள். நான் விடவில்லை. ரெண்டு சூளை வைத்துச் சேலம் வரைக்கும் செங்கல் அனுப்புகிறவன் நான். ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரை எந்தப் புது மச்சு வீட்டுச் சுவரைத் தட்டினாலும் என் கல் பதில் சொல்லும். அப்படிப்பட்டவன் அக்காவைப் பற்றி நாலு வரி எழுத ஆள் வைப்பதா? பிழை இருந்தால் அது என்னுடையது.

மோகனூருக்கு அடுத்த காவிரிக்கரையில், ஊர் தீண்டாமல் ஒதுக்கிய எங்கள் வளவில் அக்கா பிறந்தார். அய்யன் பண்ணையத்தில் உழைத்தவர். ஆத்தா வாந்திபேதியில் போனதும், மிஷன்காரம்மா ஒருவர் அக்காவைச் சேலம் விடுதிக்குக் கூட்டிப்போகக் கேட்டார். பொட்டப்புள்ளையை அனுப்பாதே என்று ஜனம் தடுத்தது. "இங்க இருந்தாச் சாணி அள்ளும். அங்க போயி எழுத்தை அள்ளட்டும்" என்றாராம் அய்யன். நான் மண் மிதிக்கப் போனேன். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

லீவுக்கு வந்தால் அக்கா சூளைக்களத்துக்கே வந்துவிடுவார். அறுத்து வைத்த, வேகாத பச்சைக் கல்லில் குச்சியால் என் பேரைக் கீறி, "இதப் பாத்து எழுது சாமி" என்பார். எங்கள் பக்கம் பெரியவரும் சாமி, மடிப்பிள்ளையும் சாமி. அக்கா வாயில் அது நான். கொம்பு போட மறந்தால், "என்ற சாமி, உன்ற பேரு கொம்பொடிஞ்ச மாடாட்டம் நிக்குது பாரு" என்று சிரிப்பார். எத்தனையோ கல் கெட்டது. கடைசியில் கையெழுத்து வந்துவிட்டது. எங்கள் வளவில் கைநாட்டு வைக்காத முதல் ஆம்பளை நான்தான். அதைச் சொல்லிக்கொண்டு சந்தை சந்தையாகத் திரிந்தேன்.

அக்கா பரீட்சை தேறி எங்கள் ஊர் போர்டு பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்தார். எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. சேர்த்தார்கள். பேர் உள்ளே ரிஜிஸ்டரில். பிள்ளை வெளியே ஓலைச் சாய்ப்பில். எங்கள் பிள்ளைகள் பதினோரு பேரும் அக்காவும் அங்கேதான். மழை வந்தால் அன்றைக்குப் படிப்பு இல்லை. பெரிய கட்டடம், அதற்குள் நான் சொந்தமாகப் போட்டிருந்த சூளையின் கல்லில் எழும்பியது.

"நீ மிதிச்ச மண்ணு செவுராட்டம் உள்ளார நிக்குது. அதுக்குத் தீட்டில்ல, இதுகளுக்கு மட்டும் தீட்டா?" என்று அக்கா கேட்டார்.

"கல்லு தீயில வெந்து போச்சேக்கா" என்றேன் வேடிக்கையாக.

"அப்ப இதுகளையும் வேக வெக்கச் சொல்றியா?"

அக்கா மேலதிகாரிகளுக்கு மனு எழுதிப் போட்டார். விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. நிலத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்போம். அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏண்டா, சூளைக்கு மண்ணு எங்க எடுக்கற?"

"நம்ம பண்ணாடி காட்டுலதானுங்க சாமி."

"தெரிஞ்சிருந்தாச் சரி."

உள்ளே போய்விட்டார்.

விசாரணை அன்று பள்ளி வாசலில் மேசை போட்டார்கள். காகிதம் முன்னமே எழுதித் தயாராக இருந்தது. "எங்கள் பிள்ளைகள் தங்கள் இஷ்டப்படியே வெளியே உட்காருகிறார்கள். எங்களுக்குக் குறை ஏதும் இல்லை." வளவுக்காக நான் ஒப்பமிட வேண்டும். அக்கா பதினோரு பிள்ளைகளோடு சாய்ப்பில் நின்றார். முகத்தில் பயமே இல்லை. தம்பி படித்துப் பார்ப்பான், பொய் என்று சொல்வான் என்று நம்பி நின்றார். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாம் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டி, "கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க சாமி" என்றேன். கட்டை விரலை நீட்டினேன்.

கையெழுத்துப் போட்டால் படித்துத்தான் போட்டான் என்று ஆகிவிடும். கைநாட்டு வைத்தால், எழுத்தறியாத பயல் என்று பிற்பாடு தப்பித்துக்கொள்ளலாம். இதுதான் அன்றைக்கு என் சாமர்த்தியம்.

சாய்ப்பிலிருந்து ஒரு சிறு பெண், "டீச்சர், அவருக்குத்தான் எழுத வருமே!" என்றாள். எல்லார் காதிலும் விழுந்தது.

"மாமனுக்கு மறந்து போச்சு சாமி" என்றார் அக்கா அவளிடம்.

அக்காவை ஆத்தூருக்கு அப்பால் மாற்றினார்கள். சாய்ப்பு காலியானது. பிள்ளைகள் ஆடு மேய்க்கவும் மண் மிதிக்கவும் போனார்கள். என் சூளைக்குத்தான் மண் மிதிக்க வந்தார்கள். ஒரு சூளை ரெண்டானது அப்போதுதான்.

ஆத்தூர்ப் பக்கத்தில் அக்காவின் கொங்குப் பேச்சைக் கேட்டு, "ஏனுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அங்கேயும் மனு எழுதினார். அலைந்தார். நாலு வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே உட்கார்ந்தார்கள். அங்கே அவருக்குத் தம்பி இல்லை.

அதன் பிறகு அக்கா என்னைச் சாமி என்று கூப்பிடவில்லை. பார்க்கப் போனால், "வாங்க, உக்காருங்க, சாப்புட்டீங்களா?" என்பார். அடுத்தவருக்கு அது மரியாதை. எனக்கு அது சூடு.

நெஞ்சுநோவு முற்றி, கடைசியாக என் வீட்டுக்குத்தான் வந்தார். "ஊடு பெருசாத்தான் கட்டியிருக்கறீங்க" என்றார். போவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு சிலேட்டில் என் பேரை எழுதி அவர் முன்னால் பிடித்தேன். வெகு நேரம் பார்த்தார்.

"கொம்பு சரியா இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான்.

நோயில் பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், ஆத்தூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அழுத மாணாக்கருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடை தூக்கிய நால்வரும் அந்தப் பதினோரு பேரில் உள்ளவர்கள்; இன்றும் என் சூளையில் கல் அறுக்கிறார்கள். பிழை பார்க்க அச்சுக்கூடத்திலிருந்து வந்த முதல் தாளை அவர்களிடம் கொடுத்தேன். ஒருவன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்றான். தாளை நேராகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இந்தக் கடைசி வரிகளைச் சேர்த்தேன்.

வருஷத் திதியன்று, உங்கள் எல்லார் முன்னாலும், இதை நானே அவர்களுக்குப் படித்துச் சொல்வேன். கைநாட்டு வைத்த இடத்தையும் விடமாட்டேன்.

கீழே கைப்பட ஒப்பமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி