மித்ரி கிறிஸ்தவனான கதை

மித்ரி கிறிஸ்தவனாகிவிட்டான் என்று ஹுஸ்ன் என்ற அரபு ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அவனுக்கு முதலில் வாழ்த்துச் சொன்னவர் முடிவெட்டும் அபு ஷாதி. கத்தரியை அந்தரத்தில் நிறுத்தி, "மப்ரூக், மித்ரி. அது சரி, இத்தனை வருஷமா நீ என்னவா இருந்தே?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. மித்ரியின் குடும்பம் எப்போது கிறிஸ்தவத்துக்கு வந்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வந்ததாகவே யாருக்கும் நினைவில்லை. மலை எப்போது வந்தது என்று யாராவது நினைவு வைத்திருப்பார்களா? கைக்குழந்தையாக இருந்த அவனை ஞானஸ்நானத் தொட்டியில் மும்முறை முக்கியெடுத்தபோது அவன் போட்ட கூச்சலை நேரில் கேட்டவர்கள் இன்னும் காது நன்றாகக் கேட்கும் நிலையில் இருக்கிறார்கள்.

வதந்தி என்றால் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். அபு ஷாதிக்குச் சொன்னவர் ரொட்டிக் கடைக்காரர். அவருக்கு அவர் மனைவி. மனைவிக்கு, டெக்சாஸிலிருந்து அவள் தம்பி சலீபா. சலீபாவுக்கு அங்கே மளிகைக்கடை. ஞாயிறுதோறும் அங்குள்ள ஒரு பெரிய சபைக்குப் போகிறான்; பக்திக்காகப் போகிறானா வாடிக்கையாளருக்காகப் போகிறானா என்பது அவனுக்கும் கர்த்தருக்கும் இடையிலான விஷயம். அந்தச் சபையில் மேடைக்குப் பின்னால் சினிமாக் கொட்டகை அளவுக்குத் திரை. அதில் ஓர் அரபு இளைஞன் கண்ணை மூடி நிற்கிறான்; அவன் தோளில் ஒரு வெள்ளைக்காரக் கை. கீழே எழுத்து: 'பாதுகாப்பு கருதிப் பெயர் வெளியிடப்படவில்லை. இந்த மாணவர் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தார்.' சபை எழுந்து நின்று கைதட்டியது. சலீபாவும் தட்டினான். தட்டி முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தான். அட, நம்ம உம் மித்ரி பையன். (உம் மித்ரி என்றால் மித்ரியின் அம்மா; அங்கே தாயைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள்.)

ஆக, விசாரித்தவரையில் படம் உண்மை. தோளில் கை வைத்தது உண்மை. மித்ரி 'ஆமாம்' என்று சொன்னதும் உண்மை. அந்த இருள் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

மித்ரிக்கு இருபத்தேழு வயது. இர்பித் நகரப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தான். மண் அவனாகக் கேட்டதல்ல. அப்பா மண் என்றார், இவன் ஆமாம் என்றான். பேராசிரியர் விடுமுறையில் தன் தோட்டத்துக்கு வந்து குழி வெட்டச் சொன்னால் ஆமாம். நண்பன் காரைத் தள்ளச் சொன்னால் ஆமாம். அபு ஷாதி, "கொஞ்சம் குட்டையா வெட்டவா?" என்றால் அதற்கும் ஆமாம், வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்து வருத்தப்படுவான். கெட்டவனல்ல, கோழையுமல்ல. எதிரில் இருப்பவர் முகம் வாடுவதை மட்டும் அவனால் தாங்க முடியாது.

இப்படிப்பட்டவன் தானாக ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: நஜ்வா. அவனுடைய சோதனைச்சாலைக்கு அடுத்த கட்டடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஊர்க்காரி, ஒரே தேவாலயம். இரு வீட்டு அப்பாக்களும் சம்மதித்து, பெண் கேட்கும் ஜாஹாவுக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சலீபா போகும் அந்த டெக்சாஸ் சபையிலிருந்து ஒரு குழு வந்தது. பத்து நாள் பயணம். ஒரே நிறச் சட்டையில் பத்துப் பதினைந்து பிள்ளைகள், பல்கலைக்கழக வாசலில் ஒரு காப்பிக் கடையை வளைத்துப் போட்டு இலவசமாக ஆங்கிலம் பேசிப் பழக்கினார்கள். முதல் நாள் குனாஃபா இனிப்பு கொடுத்ததால் நூறு பேர். இரண்டாம் நாள் கொடுக்காததால் ஏழு பேர். கடைசிவரை தினமும் போனவன் மித்ரி ஒருவன்தான். மறுநாள் வருவாயா என்று தினமும் கேட்டார்கள்; இவன் தினமும் ஆமாம் என்றான்.

குழுவில் கோல்பி என்ற பையன் இவனோடு ஒட்டிக்கொண்டான். நல்ல பையன், அதுதான் வம்பே. மித்ரி அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தான். உம் மித்ரி தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறுமாக மன்சஃப் செய்து, தாம்பாளத்தில் நல்ல கறியாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தாள். சுவரில் மாட்டிய படத்தில் மார் ஜிரியெஸ் குதிரைமேல் இருந்து பாம்பைக் குத்திக்கொண்டிருந்தார்.

"யாரு இந்தக் குதிரைக்காரரு? உங்க ராஜாவா?" என்று கோல்பி கேட்டான்.

"புனிதர். நாங்க கிறிஸ்தவங்க, கோல்பி. முதல் நாளே சொன்னேனே."

"அது மதம், மித்ரி. நான் சொல்றது மதம் இல்ல. கர்த்தரோட ஒரு உறவு."

மித்ரிக்கு விளங்கவில்லை. ஹுஸ்னில் கல்லை எறிந்தால் அது அவனுக்கு உறவான ஒருவர் மீதுதான் விழும். ஆண்டவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தான். வீட்டிலேயே இருப்பவரை எப்படிப் புதிதாக அழைத்து வருவது?

கோல்பிக்கு மறுநாள் விமானம். கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கு அவரை உன் இதயத்துக்குள்ள விடுவியா?" என்று கேட்டான். உம் மித்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. "பாவம், பையன் அழறான். என்ன வேணுமாம்? குடுத்து அனுப்புடா," என்றாள். வாசல்வரை வந்துவிட்ட விருந்தாளியை 'இல்லை' என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. மித்ரி ஆமாம் என்றான். கோல்பி ஜெபித்தான். அவனோடு வந்திருந்த குழுப் பெண் ஒருத்தி படம் எடுத்தாள். சபையின் திரைக்குப் போன படத்தில் மார் ஜிரியெஸ் இல்லை, குதிரையோடு வெட்டிவிட்டார்கள்.

மித்ரி நம் தேவாலயத்தை விட்டு வேறு சபைக்குப் போய்விட்டான் என்று ஊரில் பேச்சு முற்றியதும் அவன் கோல்பிக்கு எழுதினான். 'தயவுசெய்து படத்தை எடுத்துவிடு. நான் புதிதாக எதிலும் சேரவில்லை என்று உங்கள் சபையில் சொல். வீட்டில் சங்கடமாக இருக்கிறது.' எழுதுகிறபோதும் மரியாதை விடவில்லை. உன் அம்மா நலமா என்று கேட்டிருந்தான்.

பதில் உடனே வந்தது. 'சகோதரா, உன்மேல் வரும் நெருக்கடி புரிகிறது. மறுதலிக்கச் சொல்லி உன்னை வற்புறுத்துவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உறுதியாக இரு. சபையே உனக்காக முழங்காலில் நிற்கிறது.'

அடுத்த ஞாயிறு அதே திரை, அதே படம். கீழே எழுத்து மட்டும் வேறு: 'விசுவாசத்துக்காகக் குடும்பத்தாரால் துன்புறுத்தப்படும் நம் சகோதரனுக்காக ஜெபியுங்கள்.' சலீபா உடனே உம் மித்ரியையே கூப்பிட்டுவிட்டான்.

"ஏன் அக்கா, பையனுக்குச் சோறு போடறதில்லையாமே?"

"எவன்டா சொன்னான்? மூணாவது தட்டு திங்கறான், என் கண்ணு முன்னாடி."

"இங்க ரெண்டாயிரம் பேரு அவனுக்காக அழறாங்க, அக்கா."

"அழறவங்கள வந்து பாத்திரம் கழுவச் சொல்லு."

ஜாஹா நாள் வந்தது. ஜாஹா என்பது எல்லாம் பேசி முடித்த பிறகு, எதுவுமே பேசாதது போல ஆண்கள் போய்ப் பெண் கேட்பது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கையில் காப்பியைக் கொடுப்பார்கள். அவர் குடிக்காமல் முன்னே வைத்து, வந்த காரியத்தைச் சொல்வார். பெண் வீட்டுப் பெரியவர் "காப்பியைக் குடிங்க" என்றால் காரியம் முடிந்தது. சொல்லாமல் விட்டதாக ஹுஸ்னில் யாருக்கும் ஞாபகமில்லை.

மித்ரிக்காகப் பேச வந்தவர் பக்கத்து வீட்டு ஹாஜி அபு நாயிஃப். ஊரில் மதிப்புள்ள முஸ்லிம் பெரியவர். இப்படிப் பல கிறிஸ்தவக் கல்யாணங்களை முடித்துவைத்தவர். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஜமாத்தாரே, இந்தப் பையன் என் கண்ணு முன்னாடி வளந்தவன். ஒங்க ஈஸ்டருக்கு எனக்கு முட்டை கொண்டுவந்து தர்றவன். இவன் கிறிஸ்தவன்தான்னு நான் ஜாமீன். ஒங்க பொண்ணு நஜ்வாவ எங்க மித்ரிக்குக் கேக்க வந்திருக்கோம்."

ஒருவன் கிறிஸ்தவன் என்பதற்கு ஒரு ஹாஜி ஜாமீன் நிற்கும்படி ஆனதே என்று யாரும் சிரிக்கவில்லை. நஜ்வாவின் பெரியப்பா அபு ஈத் தேவாலயத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர். குரலை உயர்த்தாமலே கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசுவார்.

"ஹாஜி, ஒங்க ஜாமீன் என் தலைமேல. பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மித்ரி, அவன் கேட்டப்போ நீ ஆமான்னு சொன்னியா, இல்லியா?"

"சொன்னேன், பெரியப்பா. விருந்தாளி. மரியாதைக்கு."

"சரி. நாளைக்கு இன்னொரு விருந்தாளி வருவான். அவன் இன்னொண்ணு கேப்பான். எங்க பொண்ணப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவனுக்கும் ஆமாம்பியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் நடுவில் ஒரு பெரியவரை மறுத்துப் பேச மித்ரிக்கு நா எழவில்லை. நஜ்வாவின் அப்பா தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பேசும்போது தம்பி குறுக்கே பேசும் வழக்கமும் அங்கே இல்லை.

"யோசிச்சுச் சொல்றோம்," என்றார் அபு ஈத். காப்பியைக் குடியுங்கள் என்று சொல்லவில்லை. முன்னால் நிரம்பிய கோப்பை அப்படியே இருக்க, வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் நஜ்வா தொலைபேசியில் அழவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், வரிசையாகத்தான் கேட்டாள்.

"எங்க அப்பாகிட்ட நான் சண்ட போட்டுப் பாக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு நான்தான முதல்ல கேட்டேன்?"

"ஆமா."

"நீ ஆமான்னு சொன்னே."

"ஆமா."

"அதுவும் மரியாதைக்கா?"

"இல்ல," என்றான் மித்ரி. அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே அப்போதுதான். பழக்கமில்லாததால் குரல் தடுமாறியது. அவள் நம்பவில்லை.

மழைக்காலத்துக்குள் நஜ்வாவுக்கு ஜர்காவில் ஒரு மருந்துக்கடைக்காரரோடு திருமணமானது. அபு ஈத் பாடினார். நன்றாகப் பாடினார் என்றே எல்லோரும் சொன்னார்கள். மித்ரி முதுகலையை முடித்துவிட்டு அதே சோதனைச்சாலையில் மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கிறான். வசந்தத்தில் கோல்பி புதுக் குழுவோடு வருகிறானாம். 'உன் அம்மா கைச் சாப்பாடு வேண்டும், நீ அனுபவிப்பதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குச் சாட்சியாகச் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறான். மித்ரி இன்னும் பதில் போடவில்லை. உம் மித்ரி மட்டும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுச் சொல்லச் சொல்கிறாள், கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டுமாம்.

அபு நாயிஃப் தெருவில் எதிர்ப்பட்டால் மித்ரி குறுக்குச் சந்தில் நுழையப் பார்க்கிறான். கிழவர் விடுவதில்லை.

"மித்ரி, எனக்கு ஒரு காப்பி பாக்கி இருக்கு."

"இப்பவே வீட்டுக்கு வாங்க, ஹாஜி. அம்மா போட்டுத் தருவாங்க."

"ஒங்க அம்மா காப்பி இல்லடா. நான் ஒனக்காகப் பொண்ணு கேட்டுக் கீழ வச்ச காப்பி."

மித்ரி ஆமாம் என்கிறான். கிழவர் தலையாட்டிவிட்டுத் தன் வழியே போகிறார்.