டைப்பிஸ்ட் அம்மாவின் மணி

டைப் மிஷினில் ஒரு வரி முடியப் போகும்போது உள்ளே எங்கோ ஒரு சின்ன மணி அடிக்கும். டிங். கோயில் மணி போல அது நின்று ஒலிக்காது, சைக்கிள் மணி போல அதட்டவும் அதட்டாது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். நான் திண்டிவனத்தில் வேலை பார்த்த ஆபீசில் அந்தச் சத்தம் கேட்டால் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். கேட்காவிட்டால், அன்றைக்கு யாரும் அவர் பக்கத்தில் போகக் கூடாது.

இதை இப்போது நினைக்க வைத்தவள் என் பேத்தி. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை, ஆனால் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு அறையில் உட்கார்ந்துதான் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்று சொல்வதே தப்பு. கொஞ்ச நாளாக அவளைப் பெஞ்சில் போட்டிருக்கிறார்களாம். நான் பெஞ்சைத் தேடினேன். பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. வேலை எதுவும் கொடுக்காமல், ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்ப்யூட்டர் முன்னால் இருக்கச் சொல்வதற்குத்தான் அந்தப் பேராம். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிய வேண்டும். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது மஞ்சளாகிவிடும், மேலே இருப்பவர்கள் எங்கே போனாய் என்று கேட்பார்கள். அந்தப் பச்சையைக் காத்துக்கொண்டே, பொழுது போகாமல், நான் பேசுவதையும் எழுதிக்கொள்கிறாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பேச்சை அப்படியே போட்டால் யாருக்கும் புரியாது என்று புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறாள். விஷயம் மாறாமல் இருந்தால் எனக்குச் சரிதான்.

என் வீட்டுக்காரர் அந்த ஆபீசில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அதற்காக எனக்கு வேலை கொடுத்தார்கள். பெருக்குவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, ஆபீசர் மணி அடித்தால் ஓடுவது, காகிதங்களை மேஜைக்கு மேஜை கொண்டுபோவது. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம், அவ்வளவு போதும். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் போவேன். டைப்பிஸ்ட் அம்மாவும் அதே ரயில்தான். அந்த ரயிலில் கனகாம்பரம் கட்டிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு, வெங்காயம் உரித்து முடித்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. மைலம் தாண்டும்போது மலைமேல் முருகனுக்கு ஒரு கும்பிடு போடுவேன், உடனே தூக்கம் வந்துவிடும். டைப்பிஸ்ட் அம்மா மட்டும் ரயிலில் குஷியாக இருப்பார். ஊர்க்கதை எல்லாம் வரும். திண்டிவனம் வந்ததும் முகம் சாத்திக்கொள்ளும்.

காரணம் இதுதான். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்கு ஒரு இளைய கிளார்க்கைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். டைப்பிஸ்ட் அம்மாவை யாரும் அனுப்பவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மிஷின் மேஜையிலேயே இருந்தது, அவர் மிஷினுக்குப் பின்னால் இருந்தார். காலையில் வந்து கருப்பு ரெக்சின் உறையைக் கழற்றி மடித்து டிராயரில் வைப்பார், தூரிகையால் எழுத்துகளைத் துடைப்பார், சாயங்காலம் மறுபடி உறையை மாட்டுவார். நடுவில் ஒன்றும் கிடையாது.

எனக்கு முதலில் அவர் மேல் வயிற்றெரிச்சல்தான். நான் குடம் தூக்குகிறேன், இந்த அம்மா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேஜாரு பேஜாரு என்கிறாரே என்று. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கு சம்பளம் குடுக்கறான். இதுல இன்னாம்மா உங்களுக்குப் பேஜாரு?"

"நீ ஒருநாள் குந்திப் பாரு அக்கா, தெரியும்" என்றார்.

பொழுதைப் போக்க அவர் செய்யாத வேலை இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்து அணில்களுக்கு ஆபீஸ் ஆட்களின் பெயரை வைத்தார். ஆபீசர் அணில் எப்போதும் தூங்கும். கைப்பையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்து, டிராயரைப் பாதி திறந்து, உள்ளேயே உடைத்துத் தின்பார். சத்தம் வரக் கூடாது என்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்து அவித்ததாகக் கொண்டுவருவார், பாதி எனக்கு. குண்டூசிகளை டப்பாவிலிருந்து கொட்டி, தலை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி, அடுக்கி முடித்ததும் கோபம் வந்து மறுபடி கலைத்துப் போடுவார். அந்தக் குண்டூசியைக் கலைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் வயிற்றெரிச்சல் போயிற்று.

விழுப்புரத்து ஆபீசில் ஜனங்கள் மனு கொடுக்கிற ஜன்னலில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு மாற்றல் கேட்டு மனு எழுதி ஆபீசரிடம் கொடுத்திருந்தார். அதில் ஆபீசர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அவர் அதைக் காகிதம் பறக்காமல் வைக்கிற கண்ணாடி உருண்டைக்கு அடியில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. தூசு தட்டும்போதெல்லாம் நான் உருண்டையைத் தூக்குவேன், மனுவைப் பார்ப்பேன், மறுபடி வைப்பேன்.

"நீங்க போயிட்டா இந்தப் போஸ்ட்டையே எடுத்துடுவாங்கம்மா. ஆபீஸ்ல ஒரு போஸ்ட்டு குறஞ்சா என்னத்தான் கேப்பாங்க. சும்மா உக்காந்திருக்கறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு?" என்பார் ஆபீசர்.

"அதான் சார் கஷ்டம்."

"இதையெல்லாம் ஒரு கஷ்டம்னு எழுதி மேல அனுப்ப முடியுமா?"

அன்று மாலை ரயிலில் அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்த ஜன்னல்ல உக்காந்தா ஜனங்க வந்து திட்டுவாங்க அக்கா. திட்டட்டுமே. என்ன யாராவது ஏதாவது சொல்லி எவ்ளோ நாளாச்சு."

அதற்குப் பிறகுதான் பழைய காகித விஷயம் ஆரம்பித்தது. விரல் மறந்துபோகிறது என்று, பின்கட்டு அறையில் கட்டுக்கட்டாகக் கிடந்த காகிதங்களில் ஒரு கட்டை எடுத்துவரச் சொன்னார். யாரும் தொடாத கட்டு, பல்லி முட்டை உதிர்ந்தது. அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மறுபடி அடித்தார். அடித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடுவார். ஆபீசில் மறுபடி டிங் டிங் என்று கேட்டது. ஆபீசர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, வேலை இருக்குதில்ல?" என்றுகூடச் சொன்னார். என்ன வேலை என்று கேட்கவில்லை. தேதியை மட்டும் டைப்பிஸ்ட் அம்மா புதிதாகப் போடுவார். பழைய தேதி அடிக்க விரல் வரவில்லையாம்.

அன்றைக்கு அமாவாசை. ஆபீசர் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போக வேண்டும், பஸ்ஸில் கூட்டம் ஏறுவதற்குள் கிளம்பும் அவசரம். மணியை அடித்து, கையெழுத்துக்கு இருப்பதை எல்லாம் ஜல்தியாகக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஆபீசில் வழக்கம் என்னவென்றால், மேஜையின் வலதுபக்கத் தட்டில் இருப்பது கையெழுத்துக்குப் போகும். டைப்பிஸ்ட் அம்மா முகம் கழுவப் போயிருந்தார். அடித்து முடித்த ஒரு தாளைப் பழைய கைப்பழக்கத்தில் வலதுபக்கத் தட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு போவது என் வேலை. ஆபீசர் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். தபாலில் சேர்த்தோம். டைப்பிஸ்ட் அம்மாவும் தாளைத் தேடவில்லை, கிழித்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். எல்லாரும் அவரவர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போய்விட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, ஒலக்கூர் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். வெளுத்த வேட்டி, நரைத்த தலை, அந்த அம்மா தலை நிறையப் பூ. கோயிலுக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். அவர் இரண்டு கையாலும் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்குப் போகும் வழி சம்பந்தமாக விசாரணைக்கு நேரில் வரவும் என்று அதில் இருந்ததாம்.

"எங்கப்பாவுக்குப் போட்டிருக்கீங்க சார்" என்றார் ஆபீசரிடம். "அவரு செத்து ரொம்ப வருஷம் ஆவுது. நான் அரை டவுசர் போட்டுக்கினு சுத்தும்போது குடுத்த மனு. இப்பதான் கூப்ட்டீங்களா?"

கோபமே இல்லை அவரிடம். அதுதான் பார்க்கத் தாங்கவில்லை. பெண்சாதிதான் குறுக்கே பேசினார்: "இவரு காயிதம் வந்ததுலருந்து தூங்கல சார். கவர்மெண்ட்டு மறக்கல பாருன்னு தெருவெல்லாம் காட்டிக்கினு வர்றாரு. கெணறு எங்கடா கீதுன்னு அவனவன் சிரிக்கிறான்."

"ஏன், கிணறு எங்க?"

"ஹைவேக்கு எடுத்துக்கினாங்க சார். கெணறு மேலதான் லாரி போவுது. இப்ப வழிய மட்டும் குடுத்தா நாங்க அத இன்னா பண்றது?"

ஆபீசர் தாளை வாங்கிப் பார்த்தார். மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்து, கீழே தன் கையெழுத்தில் வந்து நின்றார்.  பிறகு என்னைப் பார்த்து, வந்தவர்களுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அந்த ஆபீசில் மனு கொடுக்க வந்தவர்களுக்கு டீ வாங்கியது அது ஒருதரம்தான்.

நான் திரும்பி வந்தபோது, அந்தப் பெரியவர் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அம்மா அடித்துக்கொண்டிருந்தார். கிணறு இப்போது இல்லை, ஆகையால் வழி தேவைப்படவில்லை, என் தந்தையின் மனுவை முடித்துக்கொள்ளலாம் என்று. முதுகு நிமிர்ந்திருந்தது. ஒவ்வொரு டிங்குக்கும் அந்தப் பெரியவர் தலையை ஆட்டினார். அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பெண்சாதி, "இதுல எங்களுக்கும் ஒரு காப்பி குடும்மா. மாமனாரு போட்டோகிட்ட வெக்கறேன். மனசு ஆறட்டும்" என்றார். டைப்பிஸ்ட் அம்மா கார்பன் வைத்து எடுக்கவில்லை. புதுத் தாள் போட்டு முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்தார்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஆபீசர் மணியை அடிக்கவில்லை, குத்தினார்.

"யாரு அடிச்சது இது?"

"நான்தான் சார்."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். யாரும் எதுவும் சொல்லாததாலதான் அடிச்சேன்."

"மெமோ குடுப்பேன், தெரியுமா உங்களுக்கு?"

"குடுங்க சார். அத நானே அடிச்சுத் தர்றேன். எனக்கும் ஒரு வேல குடுத்த மாதிரி இருக்கும்."

நான் டம்ளர்களைப் பொறுக்குவது போல அங்கேயே நின்றேன். சிரிப்பு வயிற்றில் முட்டுகிறது. மெமோ என்று ஒன்று போனால் எதற்கு என்று மேலே கேட்பார்கள், கேட்டால் இந்தத் தாளைக் காட்ட வேண்டும், தாளின் அடியில் அவர் கையெழுத்து. அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கண்ணாடி உருண்டையைத் தூக்கினார். மாற்றல் மனுவை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். ஒரு காகிதத்தை அவர் முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா விழுப்புரத்து ஜன்னலுக்குப் போனார். சாயங்காலம் காய்கறிக் கடையில் பார்ப்பேன். தொண்டை கட்டியிருக்கும். "இன்னிக்கு ஒரு ஆளு வந்து என் வம்சத்தையே திட்டிட்டுப் போறான் அக்கா" என்பார், முகம் பூரித்து.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் போனதும் அந்தச் சீட்டு காலியாகத் தெரியக் கூடாது என்று ஆபீசர் என்னை அதில் உட்காரச் சொன்னார். பெருக்குவதற்கும் தண்ணீருக்கும் வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். எழுத்துத் தெரியாது சார் என்றேன். "எழுத்து எதுக்கு? சும்மா உக்காரு. மேலருந்து யாராச்சும் வந்தா எழுந்து நில்லு."

உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. குடம் தூக்கினால் இடுப்பு வலிக்கும், படுத்தால் போய்விடும். இது எங்கே வலிக்கிறது என்றே தெரியாமல் வலித்தது. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்புவேன், அந்தப் பக்கம் அணில் இருக்கும், அதுவும் ஏதோ வேலையாக ஓடும். எரிச்சலாக வரும். குண்டூசியை அடுக்கினேன், கலைத்தேன். வீட்டுக்குப் போய் மருமகளிடம் காரணமில்லாமல் கத்தினேன். ஒருநாள் டைப் மிஷினைத் துடைக்கும்போது பார்த்தேன், எல்லாக் கட்டையிலும் எழுத்து இருக்கிறது, அடியில் நீளமாக இருக்கிற கட்டையில் மட்டும் ஒன்றும் இல்லை. இது நமக்குத்தான் என்று அதை அழுத்தினேன். மேலே உருளை ஒரு துளி நகர்ந்தது. அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில், டிங்.

ஆபீசர் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேலை நடக்கிறது என்று நிம்மதியாக இருந்திருப்பார். ரிடையர் ஆகிறவரை அப்படித்தான் என் பொழுது போயிற்று, எழுத்தில்லாத வரியாக அடித்துக்கொண்டு.

இப்போது பேத்தி குளிக்கப் போகிறாள். யாராவது ஒரு வேலை கொடுத்தால் போதும் என்று காலையில் கம்பெனிக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறாள், பதில் இல்லை. இப்படியே போனால் வேலையை விட்டே அனுப்பிவிடுவார்களாம். "ஆயா, பச்சை போவாம பாத்துக்கோ, தோ வந்துடறேன்" என்று அந்த மவுஸை என் கையில் வைத்துவிட்டுப் போகிறாள். சொன்னதை எல்லாம் பிறகு எழுதிக்கொள்வாளாம், மறக்காமல் வைத்திரு என்கிறாள். நான் அதை இந்தப் பக்கம் நகர்த்துகிறேன், அந்தப் பக்கம் நகர்த்துகிறேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு குட்டி அம்பு எறும்பு போல ஓடுகிறது. சென்னையில் யாரோ ஒருவருக்குப் பச்சை தெரிந்து நிம்மதியாக இருக்கும். நானும் விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். இதில் ஒரு மணிகூட வைக்கவில்லை பாவிகள்.