பெருமாளுக்கு ஒரு ஃபோல்டர்

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. மூட வைத்தவன் நான்.

காரணம் பக்திதான். எங்கள் திருப்பதியில் ஆட்டோ கண்ணாடியில் பெருமாள், டீக்கடைக் கல்லாவுக்கு மேலே பெருமாள். என் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மட்டும் முதலில் தெரிவது ஏதோ கம்பெனிச் சின்னம். புரட்டாசியில் இது அடுக்குமா?

இணையத்தில் ஒரு புண்ணியவான் வழி சொல்லியிருந்தார். சிஸ்டம் ஃபோல்டருக்குள் போய், சின்னம் இருக்கும் ஃபைலை எடுத்துவிட்டு, அதே பெயரில் நம் படத்தை வைக்க வேண்டுமாம். 'அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை' என்றது கம்ப்யூட்டர். இந்த வீட்டில் என் அனுமதியைக் கேட்கும் ஒரே ஜீவன் அது. உடனே கொடுத்தேன்.

ரீஸ்டார்ட். கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராகக் காத்திருந்தேன்... கறுப்புத் திரை. தேவையான ஃபைலைக் காணோம் என்று வெள்ளை எழுத்தில் ஒரு வரி. பெருமாளும் இல்லை, கம்பெனியும் இல்லை.

சித்தூரில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் மகள் ஹேமா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா பண்ணிக்கினு கீற?"

"சாமி கும்பிடறேன்."

அவள் முகம் வெளுத்தது. திங்கட்கிழமை காலேஜில் கொடுக்க வேண்டிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அதற்குள்தான் இருக்கிறது. வேறு காப்பி கிடையாது.

திருச்சானூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி முனிரத்தினத்துக்குப் போன் பறந்தது. வந்தான்.

"இன்னா மாமா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"எல்லா கஸ்டமரும் இதத்தான் சொல்றாங்க. நிஜம் செப்பண்டி மாமா."

செப்பினேன்.

அவன் ஒரு பென்டிரைவைச் செருகி, அதன் வழியாக உள்ளே நுழைந்து பார்த்தான். "ரிப்போர்ட் கீற டிரைவுக்கு லாக் போட்டுக்கீறா பாப்பா. சிஸ்டம் ஏந்துகினாதான் அது தெறக்கும்."

"வூட்ல யாருக்கு பயந்து லாக்கு?" என்றேன். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"பிரச்சினை சின்னதுதான்," என்றான் முனிரத்தினம். "மாமா வெச்ச பெருமாள் படத்த தூக்கிப் போட்டுட்டு பழைய ஃபைல வெச்சா ஏந்துக்கும்."

அடுப்படியில் பெருமாள் தளிகைக்குப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்த மனைவி கோமதி, கரண்டியோடு வந்தாள். "யார தூக்கிப் போடற?"

"அக்கா, அது ஃபைலு."

"வெக்கறப்ப பெருமாளு, எடுக்கறப்ப ஃபைலா? புரட்டாசி சனிக்கிழம அதுவுமா வூட்டுக்கு வந்த சாமிய டெலீட் பண்ணுவியா? நாளைக்கு வா."

நாளை வந்து திறந்து, அதற்கப்புறம் ரிப்போர்ட்டைச் சரிபார்த்து, பிரின்ட் எடுத்து, பைண்டிங் கொடுத்து... ஹேமாவுக்கு அழுகை முட்டியது. முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கோமதியோடு வாதம் செய்வதைவிடக் கறுப்புத் திரையோடு வாழ்வது சுலபம்.

ஹேமாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "ஏம்மா, கோயில்ல திருப்பணி நடந்தா, முடியற வரைக்கும் சாமிய எங்க வெப்பாங்க?"

"பாலாலயம் கட்டி அதுல வெப்பாங்க."

"மாமா பென்டிரைவுல ஒண்ணு கட்டுவாரு."

கோமதி யோசித்தாள். கரண்டி தாழ்ந்தது. "அப்ப சரி. இரு, கற்பூரம் ஏத்தறேன்."

"ஏத்துக்கா. சிபியு கிட்ட மட்டும் கொண்டு வராத," என்றான் முனிரத்தினம்.

'பாலாலயம்' என்று ஒரு ஃபோல்டர் உருவானது. கற்பூர ஆரத்தியுடன் பெருமாள் அதற்குள் எழுந்தருளினார். பழைய ஃபைல் தன் இடத்துக்குத் திரும்பியது. ரீஸ்டார்ட்... கம்பெனிச் சின்னம் வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கம்பெனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ரிப்போர்ட் அப்படியே இருந்தது. ஹேமா முதல் வேலையாக அதைக் காப்பி எடுத்தாள். எங்கே வைத்தாள் தெரியுமா? பாலாலயத்துக்குள், பெருமாளுக்குப் பக்கத்தில்.

"வேற எங்க வெச்சாலும் நைனா கைய வெப்பாரு," என்று தாய்மாமனிடம் விளக்கினாள்.

பென்டிரைவ் இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது. குளிக்காமல் நான் அதைத் தொடக் கூடாதாம். குளித்த பிறகும் கூடாதாம்.